தார்சு உதிர்வதற்கு முன்: கான்கிரீட்டைக் கவனிக்கக் கற்றுக்கொண்ட வரலாறு

கொஞ்சம் நீளமான பதிவு. ஓய்வாக இருக்கும்போது படியுங்கள்.

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் உங்களில் யாராவது ஒரு படம் அனுப்புகிறீர்கள். வீட்டுக் கூரையின் அடிப்பக்கம் காரை பெயர்ந்து கம்பி தெரியும். கீழே ஒரே கேள்வி: "சார், பூசிவிட்டால் போதுமா?" உறவுக்காரர்கள் கேட்டால், "மாமா, கல்யாணத்துக்கு முன்னாடி சுண்ணாம்பு அடிக்கணும், மேஸ்திரி பூசிடலாம்ங்கறார்" என்று இருக்கும். ஆளுக்கு ஒரு வரியில் பதில் சொல்லிப் பார்த்தேன், போதவில்லை. இந்தக் கேள்விக்குப் பின்னால் நூற்றைம்பது வருட வரலாறு இருக்கிறது. அதையே எழுதிவிடலாம் என்று உட்கார்ந்துவிட்டேன்.

நம் தருமபுரியில் கடல் கிடையாது, உப்புக்காற்று கிடையாது. அப்படியிருந்தும் முப்பது நாற்பது வருடத்துக் கட்டடங்கள் ஏன் இப்படி உதிர்கின்றன? நம் தாத்தா காலத்துக் கற்பலகை வீடுகளும், மரக்கட்டை அடுக்கிச் செங்கலும் சுண்ணாம்பும் போட்ட மெட்ராஸ் டெரஸ் வீடுகளும் இன்னும் நிற்கின்றனவே என்று நீங்கள் கேட்பது நியாயம்தான். வித்தியாசம் கம்பியில் இருக்கிறது.

ரோம் நகரத்துப் பாந்தியன் கோயிலின் கான்கிரீட் கூரைக்கு ஏறத்தாழ 1,900 வயது. 43 மீட்டர் அகலக் குவிமாடம். அதற்குள் ஒரு கம்பிகூட இல்லை. துருப்பிடிக்க எதுவும் இல்லாததால் துருவும் இல்லை. ஆனால் கம்பியில்லாத கான்கிரீட் அழுத்தத்தைத்தான் தாங்கும், இழுவையைத் தாங்காது. அதனால் ரோமானியர்கள் வளைவும் குவிமாடமுமாகவே கட்டினார்கள். தட்டையான கூரை போட வேண்டுமென்றால் இழுவையைத் தாங்க உள்ளே இரும்பு வேண்டும்.

அந்த வழியைப் பிரபலமாக்கியவர் பொறியாளர் அல்ல, ஒரு தோட்டக்காரர். பிரான்சு நாட்டு ஜோசப் மோனியே. செடி வைக்கும் சிமெண்ட் தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்ததால் உள்ளே இரும்புவலை வைத்துப் பார்த்தார். 1867இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அந்தப் பூந்தொட்டியின் வம்சத்தில் வந்ததுதான் இன்று நம் தலைக்கு மேல் இருக்கும் தார்சு.

இரும்பும் கான்கிரீட்டும் நல்ல ஜோடி. வெயிலில் இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவில் விரியும். அதைவிட முக்கியமான காரணம் வேதியியலில் இருக்கிறது. புதுக் கான்கிரீட்டின் பி.எச். அளவு 12.5 முதல் 13 வரை, அதாவது கடும் காரம். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய ஆக்சைடு படலம் ஒன்று படியும். அது இருக்கும்வரை கம்பிக்கு ஒன்றும் ஆகாது. இதனால்தான் ஆரம்ப காலப் பொறியாளர்கள் கான்கிரீட்டுக்குப் பராமரிப்பே தேவையில்லை என்று நம்பினார்கள். அந்த நம்பிக்கை உடைந்து, கவனித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று உலகம் கற்றுக்கொண்டதுதான் நான் சொல்ல வந்த வரலாறு.

அந்தப் படலத்துக்கு இரண்டு எதிரிகள். ஒன்று காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடு. அது கான்கிரீட்டின் நுண்துளைகள் வழியாக மெதுவாக நுழைந்து காரத்தைச் சாகடித்துக்கொண்டே போகும். கம்பி வரை போய்ச் சேர்ந்துவிட்டால் படலம் கரைந்துவிடும். இரண்டாவது குளோரைடு, அதாவது உப்பு. இது காரம் இருக்கும்போதே அந்தப் படலத்தைத் துளைத்துவிடும். அதன்பின் ஈரமும் ஆக்சிஜனும் கிடைத்தால் துரு தொடங்கும். துரு, தான் பிறந்த இரும்பைப் போலப் பல மடங்கு இடத்தைப் பிடிக்கும். கான்கிரீட்டுக்குள் அந்த இடம் ஏது? உள்ளிருந்து நெருக்கும், கம்பியின் நீளத்துக்கே விரிசல் விடும், கடைசியில் காரை பெயர்ந்து விழும். நாம் "காரை பேந்துடுச்சு" என்று சொல்லும் நாள், கதை தொடங்கிய நாள் அல்ல. அதற்குப் பல வருடம் முன்பே தொடங்கிவிட்டது.

உப்பின் வேலையைப் பார்க்க வேண்டுமென்றால் நம் மாநிலத்தின் தென்கோடிக்குப் போக வேண்டும். பாம்பன் பக்கம் இரும்பு துருப்பிடிக்கும் வேகம் உலகறிந்தது. 1914இல் திறந்த பழைய ரயில் பாலம், பெயின்ட் அடித்து அடித்தே நூறு வருடத்துக்கு மேல் காப்பாற்றப்பட்டது. கடைசியில் தூக்குப் பகுதியின் பழுதால் 2022 டிசம்பரில் ரயில் போக்குவரத்து நின்றது. 2025 ஏப்ரல் 6 அன்று திறந்த புதிய பாலத்தில் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும், பாலிசிலாக்சேன் என்ற விசேஷப் பூச்சும் பயன்படுத்தியிருக்கிறார்கள். பக்கத்திலேயே 1988 அக்டோபர் 2 அன்று ராஜீவ் காந்தி திறந்துவைத்த சாலைப் பாலம் நிற்கிறது. நீளம் 2.3 கிலோமீட்டருக்கு மேல், முழுவதும் கான்கிரீட்.

இந்த அரிப்பை உட்கார்ந்து அளந்து பார்க்க நம்மிடம் ஒரு நிறுவனம் இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. வள்ளல் அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்தார். 1948 ஜூலை 25 அன்று நேரு அடிக்கல் நாட்டினார். 1953 ஜனவரி 14 அன்று டாக்டர் ராதாகிருஷ்ணன் திறந்துவைத்தார். அதுதான் காரைக்குடியில் இருக்கும் மத்திய மின்வேதியியல் ஆய்வகம். ஊரார் சொல்வது சிக்ரி. அவர்கள் மண்டபம் முகாமில் கடற்கரையோரம் ஒரு சோதனை நிலையம் வைத்திருக்கிறார்கள். அங்கே நடக்கும் அடிப்படை வேலை கேட்பதற்கு எளியது. உலோகத் தகடுகளை எடைபோட்டு, சட்டத்தில் மாட்டிக் கடற்காற்றில் விட்டுவிடுவார்கள். காலம் கழித்து எடுத்துத் துருவைச் சுத்தம் செய்து மறுபடி எடை போடுவார்கள். குறைந்த எடையிலிருந்து வருடத்துக்கு எவ்வளவு தேய்கிறது என்று கணக்கிடுவார்கள். கான்கிரீட்டுக்குள் போகும் கம்பியைக் காக்கச் சிமெண்டும் பாலிமரும் கலந்த பூச்சு ஒன்றையும் இந்த ஆய்வகம் உருவாக்கியது. பொறுமைதான் அங்கே முதல் கருவி.

கடற்பாலங்களில் கவனித்த ஒரு விஷயத்தை நன்றாக மனதில் வையுங்கள், பின்னால் தருமபுரிக்குத் தேவைப்படும். முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கும் தூணின் அடிப்பாகம் அவ்வளவு வேகமாகக் கெடுவதில்லை, ஏனென்றால் அங்கே ஆக்சிஜன் குறைவு. மோசமாகக் கெடுவது அலை தெறிக்கும் பகுதி. அங்கேதான் நனைவதும் காய்வதும் மாறி மாறி நடக்கும். உப்பு, ஈரம், காற்று மூன்றும் ஒன்றுசேரும் இடம் அது.

கவனிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு நம் நாட்டில் பெரிய பாடம் கோவா. பணஜியில் மாண்டோவி ஆற்றின் மேல் 1970 வாக்கில் கட்டிய கான்கிரீட் பாலம், 1986 ஜூலை 5 அன்று இடிந்து விழுந்தது. பதினாறு வயதுதான் இருக்கும். உள்ளே இழுத்துக் கட்டியிருந்த எஃகு வடங்கள் அரித்துப்போயிருந்தன. அதற்கு முந்தைய வருடம், 1985 டிசம்பரில், பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் இனிஸ்-ஏ-க்வாஸ் என்ற இடத்துச் சிறு பாலம் அதே மாதிரி வடம் அரித்து, எச்சரிக்கையே இல்லாமல் விழுந்தது. வெளியே பார்த்தால் நன்றாக இருக்கும், உள்ளே இருக்காது. அதனால் கண்ணை மட்டும் நம்பக்கூடாது, உள்ளே என்ன நடக்கிறது என்பதை அளக்க வேண்டும் என்ற எண்ணம் எல்லா இடத்திலும் வலுத்தது.

எப்படி அளப்பது? என்னிடம் பிளஸ் டூ வேதியியல் படித்தவர்களுக்கு இது நன்றாகப் புரியும், ஏனென்றால் பாதிக் கருவிகள் நம் ஆய்வகத்து அலமாரியில் இருந்தவைதான்.

முதலாவது, தட்டிப் பார்ப்பது. சந்தையில் மண்பானை வாங்கும்போது உங்கள் பாட்டி சுண்டிப் பார்த்துதானே வாங்கினார்கள்? அதேதான். சிறு சுத்தியலால் தட்டினால் நல்ல கான்கிரீட் கணீரென்று சத்தம் கொடுக்கும். உள்ளே பிளந்திருந்தால் பொத்தென்று கேட்கும். இன்றும் எந்தப் பொறியாளரும் முதலில் செய்வது இதுதான்.

இரண்டாவது, பினாப்தலீன். தரம்பார்த்தலில் பியூரெட்டைத் திருகிக்கொண்டே, இளஞ்சிவப்பு வந்ததா போனதா என்று சண்டை போட்டீர்களே, அதே திரவம். புதிதாக உடைத்த கான்கிரீட் முகத்தில் அதைத் தெளித்தால், பி.எச். சுமார் 9க்கு மேல் காரம் உயிரோடிருக்கும் பகுதி சிவக்கும். காரம் செத்த பகுதி நிறம் மாறாமல் கிடக்கும். நிறமில்லாத பட்டை எத்தனை மில்லிமீட்டர் என்று ஸ்கேலால் அளந்தால், கார்பன் டை ஆக்சைடு எவ்வளவு தூரம் வந்துவிட்டது என்று தெரிந்துவிடும். கம்பி அந்தப் பட்டைக்குள் இருந்தால் அதன் காவல் போய்விட்டது என்று அர்த்தம்.

மூன்றாவது, மின்னழுத்தம் அளப்பது. அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் சான் மாட்டியோ-ஹேவர்ட் பாலத்தின் கான்கிரீட் உப்புநீரில் கெடுவதை 1950களில் ஆராய்ந்தவர் ஸ்ட்ராட்ஃபுல் என்ற நெடுஞ்சாலைத் துறைப் பொறியாளர். துரு என்பதே ஒரு மின்கலம்தானே, அப்படியானால் வெளியிலிருந்தே அதன் அழுத்தத்தை அளக்கலாம் என்பது யோசனை. ஒரு குழாயில் தாமிர சல்பேட் கரைசல், அதில் தாமிரக் கம்பி. டேனியல் மின்கலத்தில் பாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓர் இடத்தில் கான்கிரீட்டைக் கொத்தி உள்கம்பியோடு ஒரு ஒயரை இணைத்து, குழாயை ஈரமான கான்கிரீட் பரப்பில் கட்டம் கட்டமாக நகர்த்தி வோல்ட்மீட்டரில் படிப்பார்கள். 1977இல் இது அமெரிக்கத் தரமுறையானது. அளவு மைனஸ் 350 மில்லிவோல்ட்டைவிடக் கீழே போனால் அங்கே துரு நடந்துகொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. மைனஸ் 200க்கு மேலே இருந்தால் துரு இல்லாதிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. நடுவில் இருந்தால் உறுதியாகச் சொல்ல முடியாது. இது வாய்ப்பைத்தான் சொல்லும், எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று சொல்லாது.

நான்காவது, கட்டும்போதே உள்ளே காவலாளியை வைப்பது. ஜெர்மனியின் ஆகன் நகர ஆய்வாளர்கள் ஏணிப்படி போல, வெவ்வேறு ஆழத்தில் சிறு இரும்புத் துண்டுகளைக் கான்கிரீட்டுக்குள் புதைத்தார்கள். உப்பு உள்ளே வர வர முதல் படி துருப்பிடிக்கும், பிறகு இரண்டாம் படி. அதைப் பார்த்து உண்மையான கம்பிக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது என்று முன்கூட்டியே கணக்கிடலாம். வகுப்பில் மாதத் தேர்வு வைப்பது போல. ஆண்டுத் தேர்வில் தோற்றபின் தெரிந்து என்ன பயன்?

இப்போது நம் ஊருக்கு வருவோம். நம் கூரைகள் கெடுவதற்கு முதல் காரணம் கார்பன் டை ஆக்சைடுதான். அதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. அது நுழையும் ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. ஒரு கூரையில் 20 மில்லிமீட்டர் நுழைய 40 வருடம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், 10 மில்லிமீட்டர் நுழைய 20 வருடம் அல்ல, 10 வருடமே போதும். கம்பிக்குக் கீழே இருக்கும் கவர் பாதியானால் ஆயுள் கால்வாசி ஆகிவிடுகிறது. சென்ட்ரிங் பலகைமேல் கம்பியைக் கட்டிவிட்டு, கவர் பிளாக் வைக்காமல், ஆங்காங்கே ஜல்லியைத் தட்டிவைத்துக் கான்கிரீட் கொட்டிய கூரைகளை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். ஆள் மிதித்த இடத்தில் கம்பி பலகையோடு ஒட்டிக்கொள்ளும். அந்த இடம்தான் முதலில் உதிரும்.

அந்தக் காலத்து விதியும் தாராளமாகத்தான் இருந்தது. நம் நாட்டுக் கான்கிரீட் விதிநூல் ஐ.எஸ். 456 முதலில் 1953இல் வந்தது. 1964, 1978, 2000 ஆண்டுகளில் திருத்தப்பட்டது. 1978 விதிப்படி கம்பி வைத்த கான்கிரீட்டுக்கு எம்15 தரம் போதும். மேஸ்திரிகள் ஒன்றுக்கு இரண்டுக்கு நாலு என்று போடும் கலவை அதுதான். கூரைக்கு 15 மில்லிமீட்டர் கவர் போதும். 2000இல் வந்த திருத்தம்தான் 'நீடித்து உழைப்பது' என்பதைப் பெரிதாக எடுத்துக்கொண்டது. சூழலை ஐந்து வகையாகப் பிரித்து, கவரை 20, 30, 45, 50, 75 மில்லிமீட்டர் என்று ஏற்றிக்கொண்டே போனது. மழைக்கும் வெயிலுக்கும் ஒதுங்கிய உள்பாகத்துக்கு 20 (மெல்லிய கம்பியானால் அதிலும் 5 குறைக்கலாம்), அலை ஏறி இறங்கும் பகுதிக்கு 75. குறைந்தபட்சத் தரம் எம்20 ஆனது. ஆக 2000க்கு முன் கட்டிய நம் வீடுகள், பள்ளிகள், தொகுப்பு வீடுகள் எல்லாம் பழைய விதியின் பிள்ளைகள். அந்த விதியையாவது ஒழுங்காகப் பின்பற்றினார்களா என்பது வேறு கேள்வி.

அடுத்தது தண்ணீர். தருமபுரி என்றதும் எல்லோருக்கும் ஃப்ளோரைடு ஞாபகம் வரும். பல் கறைபட்ட பிள்ளைகளை வரிசையாக வகுப்பில் பார்த்தவன் நான். 2013இல் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வந்ததே அதற்காகத்தான். ஆனால் பல்லைக் கெடுக்கும் அந்த அளவு ஃப்ளோரைடு கம்பியை அரிப்பதில்லை. கம்பிக்குப் பகை குளோரைடு. கம்பி வைக்கும் கான்கிரீட்டில் கலக்கும் தண்ணீரில் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக்கூடாது என்பது 2000 விதி. உங்கள் போர் தண்ணீர் வாயில் வைத்தாலே உப்புக் கரிக்கிறதென்றால், வீடு கட்டும் முன் ஒரு பாட்டில் பிடித்துச் சோதனைக்குக் கொடுங்கள். கூரைக்குப் பாத்தி கட்டி நிறுத்தும் தண்ணீருக்கும் இதே எச்சரிக்கைதான்.

இப்போது பாம்பன் பாடத்தை ஞாபகப்படுத்துங்கள். நம் ஊரில் அலை தெறிக்கும் பகுதி எங்கே இருக்கிறது? ஊருக்கு ஊர் நிற்கும் மேல்நிலைத் தொட்டியின் மூடித் தளத்து அடிப்பக்கம். தொட்டிக்குள் பிளீச்சிங் பவுடரோ குளோரினோ போடுகிறோம். தண்ணீருக்கு மேலே இருக்கும் இடைவெளியில் வெப்பமும் ஆவியும் குளோரின் நெடியும் அடைபட்டு, மூடியின் அடியில் வியர்வை போலத் துளிர்க்கும், காயும், மறுபடி துளிர்க்கும். தண்ணீருக்குள் இருக்கும் சுவர் நன்றாக இருக்க, மூடி மட்டும் கம்பி தெரிய நிற்பது இதனால்தான். கீழேயிருந்து பார்ப்பவர்களுக்குத் தெரியாது. மேலே ஏறும் டேங்க் ஆபரேட்டருக்குத் தெரியும். அவர் சொல்வதை யாராவது எழுதி வைக்கிறோமா?

எழுதி வைப்பது பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் வேலை பார்த்த பள்ளிகளில் ஒன்று, பெயர் வேண்டாம். ஒரு வகுப்பறைக் கூரையில் கம்பி ஓடும் வழியே கோடு விழுந்திருந்தது. ஆண்டாய்வு வருகிறது என்று அதன்மேல் பூசி வெள்ளையடித்தார்கள். ஆய்வு முடிந்தது. இரண்டு வருடம் கழித்து ஒரு திங்கட்கிழமை காலை கதவைத் திறந்தால், மூன்றாவது பெஞ்சு நெடுக முறத்தளவு காரைத் துண்டுகள். விழுந்தது ஞாயிற்றுக்கிழமை என்பதால் அன்று நாங்கள் எல்லோரும் வாய்பேசாமல் நின்றோம். அந்தக் கோட்டைப் பார்த்தவர்கள் பலர். ஆனால் எந்த வருடம் வந்தது, எவ்வளவு நீண்டது என்று ஒரு தாளில்கூட இல்லை. பூசியதால் கோடு மறைந்தது, துரு நிற்கவில்லை.

2021 டிசம்பர் 17 அன்று திருநெல்வேலியில் ஒரு பள்ளிக் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அது கம்பித் துருவால் நடந்ததல்ல, சுவரின் பலவீனம். ஆனால் அதன்பிறகுதான் மாநிலம் முழுதும் பள்ளிக் கட்டடங்களை ஆய்வு செய்து, பழுதானவற்றை இடித்தார்கள். நம் மாவட்டத்திலும் இடித்தார்கள். மூன்று குழந்தைகள் போனபின் கிடைத்த கவனம் அது.

பணக்கார நாடு என்றால் தப்பித்துவிடுவார்கள் என்றும் நினைக்க வேண்டாம். அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் சர்ஃப்சைடு என்ற கடற்கரை ஊரில், 1981இல் கட்டிய அடுக்குமாடி 2021 ஜூன் 24 அன்று நள்ளிரவில் சரிந்து 98 பேர் இறந்தார்கள். இடிந்ததற்குத் துரு மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் நீச்சல்குளத் தளத்துக் கான்கிரீட் பெரிதாகப் பழுதாகியிருக்கிறது என்று 2018லேயே ஒரு பொறியாளர் எழுத்தில் அறிக்கை கொடுத்திருந்தார். தெரிந்துகொள்ளும் வசதி இருந்தது, அறிக்கையும் இருந்தது. நடுவில் மூன்று வருடம் போய்விட்டது.

ஆகவே "பூசிவிட்டால் போதுமா?" என்ற கேள்விக்கு என் பதில்: போதாது. துருவின் மேல் பூசுவது, காய்ச்சல்காரனுக்குப் புதுச்சட்டை போடுவது மாதிரி. கம்பிக்குப் பின்னால் வரை கொத்தி, துருவைக் கம்பித் தூரிகையால் முழுதும் நீக்கி, தேய்ந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்டி, பாதுகாப்புப் பூச்சு கொடுத்து, அதன்பின்தான் தரமான கலவையால் மூட வேண்டும். அதற்கு முன் ஈரம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்து அதை அடைக்க வேண்டும். கம்பி பாதி கரைந்துபோயிருந்தால் பொறியாளர் சொல்லாமல் யாரும் கொத்தவே வேண்டாம், முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும்.

வீட்டில் நீங்களே செய்யக்கூடியது ஒன்றுண்டு. பழைய ரெஜிஸ்டர் ஒன்றை எடுங்கள். வருடத்துக்கு இரண்டு முறை, சித்திரையிலும் மார்கழியிலும், கூரையின் அடிப்பக்கம், சன்ஷேடு, பாத்ரூம் மேல்தளம், தண்ணீர்த் தொட்டி நான்கையும் பாருங்கள். விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதுங்கள். அடுத்த முறை கோட்டைத் தாண்டியிருந்தால் அது வளர்கிறது. கைபேசியில் அதே இடத்திலிருந்து அதே அளவில் படம் எடுங்கள். பழுப்புக் கறை, கம்பி நீளத்துக்குக் கோடு, தட்டினால் பொத்தென்ற சத்தம், இந்த மூன்றில் இரண்டு இருந்தால் கட்டிலை அந்த இடத்திலிருந்து நகர்த்திவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். மேஸ்திரியை மட்டுமல்ல, பொறியாளரை.

தொகுப்பு வீடுகளில் இருக்கும் நம் பிள்ளைகளுக்கு இதெல்லாம் சொல்லும்போது எனக்குச் சங்கடமாகத்தான் இருக்கிறது. கூரைக்குப் பயந்து வாசலில் படுப்பவர்களிடம் ரெஜிஸ்டர் போடச் சொல்வது எளிது. ஆனால் 2000-01க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய ஊரக வீடுகளைப் பழுதுபார்க்கவும் மறுபடி கட்டவும் தமிழக அரசு திட்டங்கள் அறிவித்திருக்கிறது. தேதி போட்ட படங்களோடு ஊராட்சியிலும் ஒன்றிய அலுவலகத்திலும் மனு கொடுங்கள். "கூரை சரியில்லை" என்ற மனுவைவிட, "இந்த விரிசல் பதினெட்டு மாதத்தில் இவ்வளவு நீண்டிருக்கிறது" என்ற மனுவைத் தள்ளிவைப்பது கடினம். எழுதத் தெரியாதவர்களுக்கு, பக்கத்தில் இருக்கும் நம் மாணவர்கள் எழுதிக் கொடுங்கள். இதை நான் கேட்டுக்கொள்வதாகவே எடுத்துக்கொள்ளுங்கள்.

சிவில் படித்து வேலையில் இருக்கும் மாணவர்கள், நான் சொன்னதில் கூட்டவோ திருத்தவோ இருந்தால் கீழே எழுதுங்கள். மற்றவர்கள் இந்த ஞாயிறு ஏணி போட்டுத் தொட்டி மூடியின் அடிப்பக்கத்தை ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். ஏறும்போது கீழே ஒருவர் ஏணியைப் பிடித்துக்கொள்ளட்டும்.

அனைவரும் நலமாக இருங்கள்.